மச்சமா, அழுக்கா?

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போட்டோ லேபில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இன்னும் என்னை விட்டபாடில்லை. போன மாதம் திவ்யா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். வாடிக்கையாளர் ஒருவருடைய அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். இறந்து ரொம்ப வருடமானவர். அந்த வீடியோவில் அவர் கண் சிமிட்டுகிறார், தலையைச் சாய்க்கிறார், பல் தெரியச் சிரிக்கிறார். போனில் ஏதோ ஓர் ஆப் செய்து கொடுத்த வேலையாம். "மேடம், நாம ரெண்டு நாள் உக்காந்து செய்யறதை இது ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் என்ன சொல்வது? வைட்ஃபீல்டில் மகன் வீட்டுப் பதினாலாவது மாடியில் நின்று கீழே நகராத டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்னுடைய இப்போதைய உத்தியோகம். இருந்தாலும் பழக்கதோஷம் விடவில்லை. மூலப் படத்தையும் அனுப்பச் சொன்னேன். அதில் அந்த மனிதரின் இடது கன்னத்தில் ஒரு கோடு இருந்தது. வீடியோவில் கன்னம் மாப்பிள்ளைக் கன்னம் மாதிரி மழமழவென்றிருந்தது. "அந்தக் கோடு தழும்பா, படத்துல விழுந்த கீறலா? வீட்டுக்காரங்களைக் கேட்டியா?" என்று எழுதினேன். கேட்கவில்லையாம். மறுநாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: தழும்புதான். லேத்து மெஷினில் அடிபட்ட தழும்பு.

"இதையெல்லாம் எழுதுங்க மேடம், எங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் திவ்யா எதிர்பார்க்கிற மாதிரி தொழில் ரகசியம் எதுவும் இதில் கிடையாது. முப்பத்துநாலு வருடம் எல்லோரையும் இந்தக் கேள்வியைச் சொல்லித் திட்டிய நான், என் சொந்த வீட்டுப் படத்தில் என்ன செய்தேன் என்பதுதான் இருக்கிறது.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சந்தில் இருந்த அந்த லேபில் சேரும்போது எனக்கு இருபத்தைந்து வயது. பழைய புகைப்படங்களை நகல் எடுத்து, பழுது பார்த்து, பெரிதாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. முதல் இரண்டு வருடம் தட்டு கழுவினேன், மருந்து கலக்கினேன், ஈரப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். விரல் நுனியெல்லாம் பழுப்பாகிப் போனது. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பீடி குடிக்கிறவள் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் வருடம்தான் நரசிம்மையா சார் என்னைக் கேமரா ஸ்டாண்டு பக்கம் வரவிட்டார்.

நரசிம்மையா சார்தான் பிரிவுக்குத் தலைவர். கன்னடக்காரர், தமிழை எங்கள் கன்டோன்மென்ட் ஆட்களிடமே கற்றுக்கொண்டவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பு செய்துவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். நாமாக ஒப்புக்கொள்கிற வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தக் கண்ணாடிக்கு நான் சேர்ந்த புதிதில் நல்ல வேலை கொடுத்தேன்.

அவருடைய முறை இப்படி. வாடிக்கையாளர் பொட்டலத்தைக் கொண்டுவந்தால் உடனே பிரிக்கக் கூடாது. முதலில் அவரை உட்கார வைக்க வேண்டும். படத்தில் யார், எந்த ஊரில் எடுத்தது, கையில் என்ன வைத்திருக்கிறார்கள், முகத்தில் என்னென்ன அடையாளம் என்று கேட்டு, உறையின் மேல் எழுத வேண்டும். பிறகு படத்தை அவர் கையாலேயே வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். சட்டத்துக் கண்ணாடியில் படம் ஒட்டிப்போயிருந்தால் உரிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்கு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணி, கையில் பருத்தி உறை. நகல் காய்ந்து கயிற்றை விட்டு இறங்கியதும் அதன் முதுகில் மென்மையான பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி இல்லாத படம் ஒரிஜினல். அதை அவரைக் கேட்காமல் யாரும் தொட முடியாது.

"சார், எதுக்கு இவ்ளோ கேள்வி? கஸ்டமர் கோவிச்சுக்கறாங்க" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் ஒரு பழைய படத்தை என் முன்னால் நகர்த்தினார். ஒரு பெண், தாடையில் ஒரு கரும்புள்ளி.

"நோடு, இதைப் பாரு ரீட்டாம்மா. இது மச்சமா, அழுக்கா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "அழுக்குதான் சார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எடுத்துட்டேன். படத்தைக் கையில வாங்கினதும் அந்தம்மா புருஷன் திருப்பி என் மேஜை மேலயே வச்சிட்டுப் போயிட்டார். இது என் பொண்டாட்டி இல்லைன்னு சொல்லிட்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணுக்குத் தெரியாது இது. கேட்டாத்தான் தெரியும். அவசர பேடா."

அவசரம் வேண்டாம் என்கிறார். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் எனக்குக் கீழே வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் இதை மந்திரம் மாதிரி ஓதினேன். சார் ஓய்வு பெற்று, இருட்டறை போய்க் கம்ப்யூட்டர் வந்து, பிரிவுக்கு நானே தலைவியான பிறகும் இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

இனி என் வீட்டுக் கதை. எனக்கு இரண்டு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். பெயர் லூர்து. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருந்ததே ஒரே ஒரு படம்தான், போஸ்ட்கார்டு அளவு. மாதா திருவிழாவில் கூடாரம் போட்டு எடுப்பார்களே, அப்படி எடுத்தது. அம்மா இடுப்பில் நான், அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பத்து வயது ஸ்டெல்லாக்கா. படத்தின் முதுகில் அப்பா தன் கையெழுத்தில் "லூர்து, பிள்ளைகளுடன்" என்று எழுதியிருந்தார். அப்பா பஸ் பணிமனையில் ஃபிட்டர், பேச்சு குறைவு. என்னை வளர்த்தது ஸ்டெல்லாக்காதான். தலை வாரிவிட்டதும் அவள், கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது வெள்ளை கவுன் தைத்ததும் அவள், எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவள். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். காலை ஆறு மணிக்கு ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவாள். அடுகோடியில் அந்த இரண்டு அறை வீட்டிலேயே கடைசி வரை இருந்தாள். செபப்பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அம்மா படம் நிற்கும். பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தினமும் அதைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றி முத்தி செய்வாள்.

எனக்கு அம்மா முகம் ஞாபகமில்லை. இதைச் சொல்லும்போது ஜனங்கள் பரிதாபப்படுவார்கள். பரிதாபம் எனக்கு வேண்டியதில்லை, அம்மாதான் வேண்டியிருந்தாள். ஊரார் அம்மாக்களையெல்லாம் நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது எனக்கு மட்டும் ஒரு முகம் இல்லையே என்றிருக்கும். நாற்பது வயதில் எனக்காகப் படம் செய்ய ஆரம்பித்ததற்குக் காரணமே அந்த ஏக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் படங்களைப் பெரிதாக நகல் எடுத்து, அதன்மேல் அப்பாவின் காக்கிச் சட்டைப் பையைத் தைப்பேன், பழைய ரேஷன் கார்டை ஒட்டுவேன், மெழுகு ஊற்றுவேன், சேலைக் கரையை வைப்பேன். புகைப்படம் என்றும் சொல்லலாம், தையல் என்றும் சொல்லலாம். என் வீட்டுக்காரர் "ரீட்டா குப்பை சேர்க்கிறாள்" என்பார். எப்படியோ நாலு பேர் பார்த்து, பத்துப் பேர் பேசி, ஒரு கேலரியில் தனிக் கண்காட்சி வைக்கக் கூப்பிட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால். அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் என்னைப் பற்றி "அடையாளத்தைத் தேடுபவர்" என்று போட்டிருந்தது. யாரோ பர்ஸைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

கண்காட்சியின் நடுவில் அம்மா படம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பின்னால் விளக்கு. அம்மாவின் முகத்தை மட்டும் சிவப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மூடிவிடுவது. ஞாபகமில்லாத முகம் என்று அர்த்தம். ஸ்டெல்லாக்காவிடம் போய்ப் படத்தைக் கேட்டேன்.

"எதுக்குடி?"

"பூஞ்சை பூத்துக் கிடக்குதுக்கா. நகல் எடுத்துகினு, உன்னுதை சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்."

"பத்திரம்டி. இது ஒண்ணுதான் இருக்குது." ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டத்திலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவளை உட்கார வைத்து நான் எதுவும் கேட்கவில்லை. சொந்த அம்மா படத்துக்கு உறையில் என்ன எழுதுவது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

லேபில் பழைய இருட்டறையின் ஒரு மூலை அப்போது இன்னும் மிச்சமிருந்தது. ஃபிலிமிலேயே நகல் எடுத்தேன். நெகட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, பூஞ்சைப் புள்ளி ஒவ்வொன்றின் மேலும் ஊசி மாதிரி சீவிய பென்சிலால் ஒரு பொட்டு வைத்தேன். அப்படி வைத்தால் அச்சில் கறுப்பு மறைந்துவிடும். முப்பத்தேழு புள்ளிகள். அம்மாவின் கீழுதட்டுக்குக் கீழே ஒன்று இருந்தது. அதுவும் அதில் சேர்த்திதான். பிறகு கெட்டியான தாளில் அதே அளவில் அச்சிட்டு, டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றினேன். கச்சிதமாக வந்தது. முதுகில் பெருக்கல் குறி மட்டும் போடவில்லை. பின்னால் விளக்கு வைத்தால் குறி தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

படத்தில் தைப்பதற்கு முன் துளை போட வேண்டும். விரல் பட்டால் கறை விழும் என்பதால் படத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, அதில் குறித்த புள்ளிகளின் வழியே ஊசியை இறக்குவோம். மேஜையில் இரண்டு படமும் டிரேசிங் தாளுக்குள்தான் இருந்தன. ஒன்றை எடுத்து அட்டையில் பொருத்தி, தலையைச் சுற்றித் துளை போட ஆரம்பித்தேன். பதினாலு போட்டதும் சரியாக வருகிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தேன். பூஞ்சைப் புள்ளிகள் தெரிந்தன.

 அவசரமாக அட்டையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். துளைகளின் வழியே வெயில் வந்தது. அம்மாவின் மார்புக்குக் குறுக்கே, பின்பக்கத்திலிருந்து, அப்பாவின் கையெழுத்து இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்தது. நான் ஆறு மாதமாகச் செய்ய முயன்று வராத ஒன்று அந்தத் தாளில் தானாக வந்திருந்தது. என் டீத்தண்ணீர் நகலில் அது எந்தக் காலத்திலும் வராது.

முகம் அப்போது முழுசாகத்தான் இருந்தது. பதினாலு துளையோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டெல்லாக்காவிடம் போய்க் காலில் விழுந்திருக்கலாம். தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல எனக்கு அந்தப் பதினாலுதான் இருக்கிறது. மீதி நூறு துளையை நான் தெரிந்தே போட்டேன். கண், மூக்கு, வாய், தாடை எல்லாவற்றிலும் போட்டு, நூலால் மூடினேன். நெகட்டிவையும் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

நகலைப் புதுச் சட்டத்தில் வைத்து, பின்பக்கம் அட்டை அடித்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "பளிச்சுனு ஆக்கிட்டியேடி. கை வேலைக்காரிதான் நீ" என்று என் கன்னத்தைத் தொட்டாள். படத்தைப் பீடத்தில் வைத்து முத்தி செய்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

கண்காட்சிக்கும் வந்தாள். வார லீவு நாளில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் எனக்கு ஒரு டப்பா ரோஸ் குக்கீஸோடு. அந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. ஸ்டெல்லாக்கா கூட்டத்தை விலக்கி முன்னால் போய், மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள்.

"நல்ல வேளை, நகல்ல செஞ்சே. ஒரிஜினல்ல ஊசி வச்சிருந்தீன்னா கையை ஒடிச்சிருப்பேன்" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்டி மூஞ்சியை மூடிட்டே?"

"எனக்கு ஞாபகம் இல்லைக்கா. அதான்."

அவள் என்னவோ சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் யாரோ ஒருவர் மாலையும் கையுமாக என்னை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். கொடுக்க மனம் வரவில்லை. கண்காட்சி முடிந்ததும் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் தைக்கிற வேலை எனக்கு ஓடவில்லை. கேட்டவர்களிடம் கண் பார்வை சரியில்லை என்று சொன்னேன்.

வருடங்கள் போயின. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுகோடிக்குப் போவேன். அவள் என் மகனுக்குக் கேக்கை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். சொல்லாமலே திரும்புவேன்.

போன வருடம் ஸ்டெல்லாக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பார்த்த உடனேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்க விடுவார்கள். வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ பிடித்து, ஆட்டோ மாறி, தினமும் போய் உட்கார்ந்திருப்பேன். வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். சில சமயம் நாள், கிழமை குழம்பிவிடும். அதில் அவளுக்கு ரொம்பப் பயம். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரீட்டா, உன்னை ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுக்கா."

"அம்மாவுக்கு உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்துச்சுன்னு நான் நினைச்சுகினு இருந்தேன். சின்னப் பிள்ளையில இருந்து. படத்துலயும் பாத்த மாதிரி இருக்குது. நீ சுத்தம் பண்ணிக் குடுத்த மறுவாரமே பாத்தேன், இல்ல. சரி, அது பூஞ்சை போலக்கீது, நாமதான் மச்சம்னு நினைச்சுட்டோம்னு விட்டுட்டேன். இப்ப படுத்துகினு யோசிச்சுப் பாத்தா..." மூச்சு வாங்கினாள். "மச்சமே இல்லைன்னா, நான் அம்மா அம்மான்னு மனசுல வச்சிருக்கற மூஞ்சி யாருது? இத்தினி வருஷமா நான் யாரையோ நினைச்சுகினு இருந்தேனா? போய்ச் சேந்தா அடையாளம் தெரியுமா எனக்கு?"

உலகத்தில் என் அம்மாவின் முகத்தை உயிரோடு மனதில் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அதையும் நான் ஒரு பென்சில் பொட்டால் கெடுத்து வைத்திருந்தேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரேசிங் தாள், பதினாலு, நூறு, டீத்தண்ணீர், எதையும் விடவில்லை.  முடித்ததும் அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"பத்து வருஷத்துக்கு மேல டீத்தண்ணி பேப்பருக்கா முத்தி குடுத்தேன்?"

நான் கட்டிலிலிருந்து நழுவிய போர்வையை எடுத்து அவள் காலில் போட்டேன்.

"போ. வீட்டுக்குப் போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அலமாரியிலிருந்து படத்தை எடுத்தேன். தைத்ததைப் பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். முன்பக்கம் இழுத்தால் தாள் கிழியும். படத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் ஒவ்வொரு தையலையும் சின்னக் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் மெதுவாக உருவ வேண்டும். மதியம் இரண்டு மணி ஆனது. நூலெல்லாம் போன பிறகு திருப்பிப் பார்த்தேன். துளைகளுக்கு நடுவில் அம்மா இருந்தாள். உதட்டுக்குக் கீழே அது இருந்தது. பூஞ்சை பழுப்பாகப் படர்ந்திருக்கும். இது கறுப்பாக, ஓரம் சுத்தமாக, வட்டமாக இருந்தது. லேபில் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைகூட வித்தியாசம் சொல்லும். லேபுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்துகொள்ளலாமா என்று அப்போதே தோன்றியது. நாலு மணிக்கு நேரமாகிவிட்டது, காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன்.

ஸ்டெல்லாக்கா கண்ணாடியைப் போட்டுவிடச் சொன்னாள். படத்தை வாங்கி, முதலில் முதுகில் அப்பா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருக்குதுடி" என்றாள். "மச்சம் இருக்குது. எனக்குப் புத்தி கெட்டுப்போகலை."

அழுதாள். நானும் அழுதேன். ஊசித் துளைகளின் மேல் விரலை ஓட்டினாள். தாளின் பின்பக்கம் துளை போட்ட இடமெல்லாம் சொரசொரப்பாக எழும்பியிருந்தது. அதையும் தடவினாள்.

"நீ பால் குடிக்கும்போது இந்த மச்சத்தைத்தான் பிடிச்சுகினு இருப்பே. நகத்தால கிள்ளுவே. வலிக்குதுடி விடுன்னு அம்மா கத்தும். விட மாட்டே. கையை எடுத்துவிட்டா வீல்னு அழுவே. அதைப் பிடிச்சாத்தான் உனக்குத் தூக்கமே வரும்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அந்தப் படத்தாண்ட நின்னு இதைத்தான் சொல்ல வந்தேன். நீ மாலை போட்டுக்கப் போயிட்டே." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லைன்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே. எனக்குத்தான் ஞாபகம் இருக்குதே. ஏன்டி என்னைக் கேக்கலை?"

  அப்பாவின் சட்டைப் பையைத் தைத்தேன், ரேஷன் கார்டை ஒட்டினேன், மெழுகை உருக்கினேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அடுகோடியில் அக்கா இருந்தாள்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தாள். தெம்பு இருக்கும்போதெல்லாம் சொன்னாள். அம்மா விசில் அடிப்பாளாம். கருவாடு வாசனை ஆகாதாம். பூசைக்குப் போகும்போது வலது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாளாம். நான் எழுதிக்கொண்டேன். படத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு மணி நேரம் குடு. லேபுக்குக் கொண்டு போய் ஸ்கேன் பண்ணிகினு வந்துடறேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம். மறுபடி மாத்திக் குடுப்பே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது சிரிக்கவில்லை.

"இது என்கூட வரட்டும், ரீட்டா. அம்மாவுக்கு மூஞ்சியெல்லாம் குத்து. கூட யாராவது இருக்கணும். நான் பாத்துக்கறேன். உன்மேல கோவம் இல்லை, போ."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைக்கு எடுத்துப்போவதற்கு முன் பெட்டி திறந்திருந்தது. அவள் விரல்களில் செபமாலை சுற்றியிருந்தோம். அதற்கு அடியில், நெஞ்சின்மேல், அம்மா படத்தை நானே வைத்தேன். முகம் மேலே தெரிய வைத்தேன். வெயில் நன்றாக விழுந்தது; மச்சம் தெளிவாகத் தெரிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மூடியோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள்.

என் மகன் பக்கத்தில் வந்து போனை என் கையில் வைத்தான். கேமராவைத் திறந்தே வைத்திருந்தான்.

"அம்மா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கோ. ஒரு செகண்ட். இனிமே கிடைக்காதும்மா."

போனின் திரையில் அம்மா வந்துவிட்டாள். விரலை வைத்தால் போதும்.

நான் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"வேணாம்டா. அக்கா குடுக்கலை."